பழைய தமிழ்ப் படப் பொருட்களில் எதைச் சேகரிப்பது: பாட்டுப் புத்தகமா, ஸ்டில்லா, சுவரொட்டியா, இசைத்தட்டா?

பழைய தமிழ்ப் படங்களோடு தொடர்புடைய பொருட்களைச் சேகரிக்கும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் கண்ணில் பட்டதையெல்லாம் முதலில் வாங்கிவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பரணில் காகிதப் பெட்டி ஒன்றும், சுவரில் வெயில்பட்டு வெளுத்த சுவரொட்டி ஒன்றும், சாவி கொடுத்தால் சுழல மறுக்கும் கிராமபோன் ஒன்றும் மிஞ்சியிருக்கும். இவற்றில் எதுவும் சேகரிப்பு ஆகாது. பணமும் இடமும் அளவோடு உள்ள ஒருவர், எதை நோக்கிப் போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. அப்படித் தீர்மானிப்பதற்கு உதவியாக, சந்தையில் கிடைக்கும் முக்கியமான வகைகளை இங்கே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டும். பொருள் அந்தக் காலத்து அசல்தானா என்பதை வாங்குபவர் தம் கண்ணாலேயே சோதித்துக்கொள்ள முடியுமா என்பது முதல் அளவுகோல். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும், சாதாரண வீட்டு அலமாரியில், அது இன்னும் முப்பது ஆண்டுகள் தாங்குமா என்பது இரண்டாவது. படத்தைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத எதையேனும் அது நமக்குச் சொல்கிறதா என்பது மூன்றாவது. விலையை நான் கடைசியில்தான் வைக்கிறேன். ஏனென்றால் இந்தச் சந்தையில் நிலையான விலை என்று எதுவும் இல்லை. ஒரே பொருளுக்கு ஒரே தெருவில் இரண்டு கடைக்காரர்கள் சொல்லும் விலைகள் பல மடங்கு வேறுபடும். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: தொடங்குபவருக்குப் பாட்டுப் புத்தகத்தைவிடச் சிறந்தது வேறில்லை. மற்றவை ஏன் அதற்குப் பின்னால் நிற்கின்றன என்பதை விளக்கத்தான் இவ்வளவும்.

பாட்டுப் புத்தகம் என்பது படம் ஓடும் கொட்டகையிலேயே விற்கப்பட்ட சிறு வெளியீடு. மெல்லிய தாளில் சில பக்கங்கள், நடுவில் இரண்டு கம்பி ஊசிகள், மேலட்டையில் நட்சத்திரங்களின் படம். உள்ளே நடிகர்களின் பெயர்களும் அவர்கள் ஏற்ற வேடங்களும், தொழில்நுட்பக் கலைஞர்களின் பட்டியலும், கதைச் சுருக்கமும், எல்லாப் பாடல்களின் முழு வரிகளும் இருக்கும். கதை விறுவிறுப்பான இடத்துக்கு வந்ததும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். முப்பதுகளின் புத்தகங்களில் பாட்டுக்குப் பாட்டு இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் எந்த இந்திப் பாட்டின் மெட்டில் அமைந்தது என்பதும் ஒளிவுமறைவின்றி அச்சாகியிருக்கும். பின்னட்டையில் அதே நிறுவனத்தின் அடுத்த படத்தைப் பற்றிய அறிவிப்போ, இசைத்தட்டு விளம்பரமோ, சோப்பு விளம்பரமோ வரும். எந்த விலை கொடுத்தாலும் இவ்வளவு செய்தியை இவ்வளவு சிறிய இடத்தில் தரும் வேறு திரைப்படப் பொருள் இல்லை.

இதன் அருமை, படமே இல்லாமல் போன இடங்களில்தான் முழுமையாகப் புரியும். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளியானது. அதன் பிரதி இன்று இல்லை. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பகுதிக்கு அதே கதிதான் நேர்ந்தது. அத்தகைய படத்தில் யார் பாடினார், பாட்டை எழுதியவர் யார், கதை எப்படிப் போயிற்று என்று அறிய வேண்டுமானால், பத்திரிகை விளம்பரங்களையும் விமரிசனங்களையும் விட்டால் பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் சாட்சி. சுவரொட்டி அழகாக இருக்கலாம்; ஆனால் காணாமற்போன படத்தின் பதினேழாவது பாட்டு என்ன என்பதை அதனால் சொல்ல முடியாது.

அசலா என்று சோதிக்கும் விஷயத்திலும் பாட்டுப் புத்தகம் மற்றவற்றை முந்திவிடுகிறது, ஏனெனில் காலத்தைக் காட்டும் தடயங்கள் அதில் ஏராளம். விலையைப் பாருங்கள்: அணாவில் விலை போட்டிருந்தால் அது பொதுவாகத் தசம நாணயத்துக்கு முந்தைய காலம், அதாவது 1957 ஏப்ரலுக்கு முன். மாற்றம் நடந்த ஓரிரு ஆண்டுகளில் இரண்டு முறைகளும் கலந்தே வழங்கின என்பதால் இதைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். நயா பைசா என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். அதன் பிறகு வெறும் பைசா. அடுத்து அச்சகத்தின் முகவரி. ‘சென்னை-17’ என்பது போன்ற அஞ்சல் வட்ட எண் மட்டும் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனெனில் அந்த வழக்கம் பின்னாளிலும் தொடர்ந்தது; ஆனால் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறதென்றால் அது 1972 ஆகஸ்ட் 15க்கு முன் அச்சாகியிருக்க வழியில்லை. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று அச்சாகியிருந்தால், 1969 ஜனவரியில் நடந்த பெயர் மாற்றத்தை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் அதற்கு முன்பே அந்தப் பெயரை விரும்பி எழுதியவர்கள் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கையான தடயம் எழுத்து வடிவம். லை, ளை, னை, ணை ஆகிய எழுத்துகள் துதிக்கையைத் தூக்கியது போல மேலே சுழிந்து நிற்பதும், ணா, றா, னா ஆகியவை துணைக்காலின்றி ஒட்டிச் சுழிவதும் பழைய அச்சின் அடையாளம். 1978இல் தமிழ்நாடு அரசு சீர்திருத்த எழுத்துகளை ஏற்ற பிறகே இன்றைய வடிவங்கள் பொதுவான அச்சுக்கு வந்தன. பெரியார் தம் இதழ்களில் 1935 முதலே சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தினார் என்பது உண்மைதான். ஆனால் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தை அச்சிட்டவர்களுக்கு அந்த அக்கறை இருந்ததில்லை. ஆகவே ‘1954 அசல்’ என்று கடைக்காரர் நீட்டும் புத்தகத்தில் இன்றைய லையும் னையும் சிரித்துக்கொண்டிருந்தால் வாதாட வேண்டியதில்லை, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடலாம்.

எழுத்துகளும் பொருந்தி வருகின்றன என்றால் அடுத்த வேலை தாளைத் தொட்டுப் பார்ப்பது. அந்தப் புத்தகங்களின் உட்பக்கங்கள் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்டவை. எழுத்து தாளில் அழுந்திய தடத்தைப் பக்கத்தின் பின்புறம் விரலால் தடவினால் உணர முடியும். வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். ஒளிநகல் எடுத்த பிரதியில் அந்த மேடு பள்ளம் இருக்காது. கம்பி ஊசியைச் சுற்றித் துருவின் பழுப்புக் கறை படிந்திருப்பது குறைபாடுதான் என்றாலும் பழமைக்கு அது ஒரு நற்சான்று. மேலட்டை மட்டும் புதிய வண்ண நகலாகவும் உட்பக்கங்கள் பழையனவாகவும் ஒட்டித் தைத்த பிரதிகள் உண்டு. அவற்றை அசல் விலைக்கு வாங்காமல், பாட்டு வரிகளுக்காக மலிவு விலைக்கு வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

விலையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்தச் சந்தையில் அட்டையில் இருக்கும் முகத்துக்குத்தான் விலை. பாகவதர், எம்.ஜி.ஆர்., சிவாஜி என்றால் விலை ஏறிவிடும். ஆனால் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ போன்ற பெருவெற்றிப் படங்களுக்குப் பாட்டுப் புத்தகமும் மிகுதியாக விற்றிருக்கும், ஆகையால் மிஞ்சுவதற்கு வாய்ப்பும் மிகுதி. ஒரு வாரம் ஓடி மறைந்த படத்தின் புத்தகம்தான் உண்மையில் அரிது. அதை யாரும் தேடாததால் அது குறைந்த விலைக்கே கிடைக்கிறது. தொடங்குபவர் இந்த முரண்பாட்டைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். பெயர் கேள்விப்படாத பத்துப் படங்களின் புத்தகங்கள், புகழ்பெற்ற ஒன்றின் விலையில், வரலாற்றுக்கும் அதிகம் பயன்படும்.

வீட்டில் இவற்றைக் காப்பதும் கடினமல்ல. மட்டமான தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும் என்பதால் அமிலமற்ற காகித உறையிலோ மைலார் எனப்படும் தெளிவான நெகிழி உறையிலோ ஒவ்வொன்றையும் தனியாக இட்டு, இரும்பு பீரோவின் நடுத்தட்டில், வெளிச்சுவரை ஒட்டாமல் வைத்தால் போதும். துருவேறிய ஊசியை மெல்ல எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைக்கலாம். ராமபாணப் பூச்சிக்கு நம் வீடுகளில் வசம்பு வைப்பார்கள். அந்துருண்டை வைத்தால் அது தாளைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்யவே கூடாதவை இரண்டு. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சள் கறை மட்டும் நிலைத்துவிடும். லாமினேஷன் செய்தால் அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. லாமினேஷன் செய்த பாட்டுப் புத்தகத்தை நான் அசலாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பாட்டுப் புத்தகத்துக்கு நெருங்கிய உறவுகளாகச் சில பொருட்கள் உண்டு. மாட்டு வண்டியிலிருந்து ஊரெங்கும் வீசப்பட்ட நோட்டீஸ்கள் அவற்றுள் முதன்மையானவை. படத்தின் வெளியீட்டு நாள் எல்லாப் பட்டியல்களிலும் கிடைக்கும். ஆனால் ஒரு சிற்றூரின் டூரிங் டாக்கீஸில் அது எந்த வாரம் ஓடியது, எத்தனை காட்சி, தரை டிக்கெட் என்ன விலை என்பதை நோட்டீஸ் மட்டுமே சொல்லும். ‘பராசக்தி’ போன்ற படங்களின் வசனப் புத்தகங்களும் பெருமளவில் விற்றவை. அவற்றை இலக்கிய ஆர்வலர்களும் வாங்குவதால் போட்டி கூடுதல். பேசும் படம், குண்டூசி, பொம்மை முதலிய சினிமா இதழ்கள் மிகச் சிறந்த தகவல் சுரங்கங்கள் என்றாலும், தொடராகச் சேர்த்தால்தான் பயன் தருகின்றன, தொடராகச் சேர்த்தால் அலமாரியை விழுங்கிவிடுகின்றன. படப்பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு விற்பதும் சாதாரணம். இதழை வாங்குமுன் பக்க எண்களை வரிசையாகப் புரட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஸ்டில்களைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. திரையரங்க முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டுவதற்காக அச்சிட்ட கறுப்பு-வெள்ளைப் புகைப்படங்களின் அழகை மறுக்க முடியாது. நாகராஜராவ் போன்ற புகைப்படக் கலைஞர்களின் ஒளியமைப்பு, ஓடும் படத்தில்கூட அந்த அளவுக்குத் துலங்குவதில்லை. ஆனால் புகைப்படத்தைப் புகைப்படம் எடுப்பதைப் போல எளிதான காரியம் வேறில்லை. பத்திரிகை அலுவலகங்களுக்காகவும் விநியோகஸ்தர்களுக்காகவும் அந்தக் காலத்திலேயே நகலின் நகல்கள் எடுக்கப்பட்டன. அசலைக் கண்டறிய வழிகள் உண்டு: பழைய வெள்ளி உப்புப் பிரதியின் இருண்ட ஓரங்களில், சாய்த்துப் பார்த்தால், நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரியும், நெகிழிப் பூச்சுள்ள புகைப்படத் தாள் எழுபதுகளில்தான் பரவியது என்பதால் ஐம்பதுகளின் படம் அத்தாளில் இருந்தால் அது பின்னாளில் அடித்த பிரதி, பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையோ பென்சில் குறிப்போ இருந்தால் மதிப்புக் கூடும். இருந்தாலும் இதற்குக் கண் பழக வேண்டும். பெரும்பாலான ஸ்டில்களில் படத்தின் பெயரே இருக்காது என்பது இன்னொரு தொல்லை. ஏற்கெனவே படங்களையும் முகங்களையும் நன்கு அறிந்தவர் இரண்டாம் கட்டத்தில் இறங்க வேண்டிய துறை இது.

இனிச் சுவரொட்டிகள். சேகரிக்கும் ஆசையே பலருக்கு இதிலிருந்துதான் பிறக்கிறது, பணத்தை இழப்பதும் இதில்தான். பிழைத்த சுவரொட்டிகள் அரிதாக இருப்பதற்குக் காரணம் அவை செய்யப்பட்ட நோக்கமே. ஆயிரக்கணக்கில் அச்சிட்டு, மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டி, அடுத்த வாரம் அதன்மேலேயே அடுத்த படத்தை ஒட்டினார்கள். ஒட்டப்படாமல் விநியோகஸ்தரின் கிடங்கில் தங்கிவிட்டவையும், அங்கிருந்து எடைக்குப் போகாமல் தப்பியவையும் மட்டுமே இன்று நாம் காணும் அசல்கள். சிவகாசியிலும் சென்னையிலும் இருந்த லித்தோ (கல்லச்சு) அச்சகங்களின் வேலைத்திறன், ஈஸ்வர், பரணி போன்ற விளம்பர ஓவியர்களின் கைவண்ணம், பாதி உயரத்துக்கு எழுந்து நிற்கும் தலைப்பு எழுத்துகள் ஆகிய எல்லாம் சேர்ந்து இதை ஒரு தனிக் கலையாகவே ஆக்குகின்றன. சேகரிக்கும் பொருளைச் சுவரில் மாட்டிப் பார்த்து மகிழ வேண்டும் என்பவருக்கு இதற்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், முதலில் மறு வெளியீட்டில். எம்.ஜி.ஆர். படங்கள் தமிழகத்தில் திரும்பத் திரும்பத் திரையிடப்பட்டன. ஒவ்வொரு முறையும் புதிய சுவரொட்டி அடித்தார்கள். 1958இல் வந்த ‘நாடோடி மன்ன’னின் பெயர் தாங்கிய சுவரொட்டி 1958ஆம் ஆண்டினது என்று கொள்ள எந்த நியாயமும் இல்லை, அது எழுபதுகளின் அச்சாகவோ எண்பதுகளின் அச்சாகவோ இருக்கலாம். அதுவும் பழம்பொருள்தான், ஆனால் முதல் வெளியீட்டின் விலைக்கு உரியதன்று. அச்சிட்ட எதிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் விதித்திருந்ததால், சுவரொட்டியின் கீழோரத்தில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கும். அது இருந்தால் அதிலிருந்து காலத்தைக் கணிக்கத் தொடங்கலாம். கீழோரம் அளவாகக் கத்தரிக்கப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இன்றைய மறு அச்சு. கணினியில் வருடி எடுத்து அச்சிட்ட பிரதிகள் ‘பழைய சுவரொட்டி’ என்ற பெயரில் தாராளமாக விற்பனையாகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று இதற்குப் போதும். ஆஃப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் அமைந்திருக்கும். மை தெளிக்கும் அச்சுப்பொறியில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். கையால் வரைந்த பழைய லித்தோவில் இயந்திரப் புள்ளிகளே இல்லாமல் தூரிகையின் தடமும் கையால் இட்ட பொட்டுகளும் தெரியும். மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்தும் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் அந்த மடிப்பே அச்சிடப்பட்டது என்று பொருள். இச்சோதனைகளைச் செய்யப் பொருள் நேரில் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு இவற்றில் எதுவுமே சாத்தியமில்லை.

மூன்றாவது சிக்கல் இடம். வழக்கமான ஒற்றைத் தாள் சுவரொட்டியே முப்பதுக்கு நாற்பது அங்குலம். ஆறு தாள்களை இணைத்து ஒட்டும் பெரிய சுவரொட்டியை விரித்துப் பார்க்கக்கூடச் சாதாரண வீட்டுக் கூடம் போதாது. சுருட்டி வைத்தால் விளிம்பு கிழியும், மடித்து வைத்தால் மடிப்பில் அறும், தட்டையாக வைக்க அகன்ற இழுப்பறை வேண்டும், சட்டமிட்டு மாட்டினால் வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். பின்புறம் துணி ஒட்டிப் பதப்படுத்துவது தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, அதற்கான செலவு சில நேரங்களில் பொருளின் விலையையே தாண்டும். என் பரிந்துரை இதுதான்: சுவரில் மாட்டும் ஆசைக்கு நல்ல மறு அச்சு ஒன்றை, மறு அச்சு என்று தெரிந்தே, குறைந்த விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், அசலை வாங்குவதாயின் ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், நேரில் சோதித்து வாங்குங்கள்.

இசைத்தட்டுகளின் வழக்கு முற்றிலும் வேறு. மற்றவை கண்ணுக்கு உரியவை. இது மட்டும் படத்தின் ஓசையையே நம் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் (78 தட்டு) ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடம்தான் பதிய முடியும் என்பதால் நீண்ட பாட்டுகள் சுருக்கப்பட்டன, அல்லது இரு பக்கங்களுக்குப் பிரிக்கப்பட்டன. தொடக்க காலத்தில் படத்துக்குத் தனியாகவும் தட்டுக்குத் தனியாகவும் பாடிப் பதிவு செய்தார்கள். ஆகவே தட்டில் கேட்பது திரையில் கேட்டதிலிருந்து சற்றே வேறான பாட்டாக இருக்கும், சில வேளைகளில் பாடியவரே வேறாக இருப்பார். இந்த வேறுபாடுகளைத் தேடிப் பிடிப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. உலகின் பல நாடுகளில் 78 தட்டு ஐம்பதுகளோடு முடிந்துவிட்டபோதும் இந்தியாவில் அது அறுபதுகளின் இறுதிவரை வந்துகொண்டிருந்ததால், விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகளையும் அரக்கால் செய்த இந்தத் தட்டில் கேட்க முடிகிறது. ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் வசனம் நீளத்தட்டுகளாக (எல்.பி.) வந்து, திருமண வீட்டு ஒலிபெருக்கிகளில் முழங்கியதை ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது.

அசல்தானா என்ற கவலை இசைத்தட்டில் மிகக் குறைவு. பழைய அரக்குத் தட்டைப் போலியாகச் செய்து விற்பதில் யாருக்கும் இலாபமில்லை. கவலையெல்லாம் நிலைமையைப் பற்றியதுதான். இரும்பு ஊசியால் தேய்ந்த தட்டின் பள்ளங்கள் கருமை மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். அதை எந்தக் கருவியில் போட்டாலும் இரைச்சல்தான் கேட்கும். விரலால் மெல்லத் தட்டினால் மந்தமான ஓசை வருகிறதென்றால் மயிரிழை விரிசல் இருக்கிறது. சாவி கொடுக்கும் கிராமபோனில் ஓட்டினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியை மாற்ற வேண்டும், அப்படியும் தட்டு தேயத்தான் செய்யும். மூன்று வேகமும் உள்ள மின்சுழலியில், 78க்கு உரிய அகன்ற ஊசி முனையைப் பொருத்திக் கேட்பதே தட்டுக்கு நல்லது. நீளத்தட்டுக்கான மெல்லிய முனை 78இன் பள்ளத்தில் அடிவரை இறங்கி அலையும். ஆக, முதல் தட்டை வாங்குவதற்கு முன்பே கருவிக்குச் செலவு செய்தாக வேண்டும். நூறு அரக்குத் தட்டுகள் ஏறத்தாழ இருபது கிலோ எடை. செங்குத்தாக, சாயாமல் நிறுத்த வேண்டும். கைதவறினால் உடைந்தே போகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அரக்கு, சாராயத்தில் கரையும். வினைல் தட்டைத் துடைக்கும் ஸ்பிரிட் கலந்த திரவத்தால் 78 தட்டைத் துடைத்தால் பாட்டு அதோடு முடிந்தது. சோப்பு நீர் ஓரிரு துளி கலந்த ஆறிய தண்ணீரில், நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல், மென்மையான துணியால் துடைப்பதே போதுமானது.

படச்சுருள்களை வாங்க நினைப்பவருக்கு என் பதில் ஒரே சொல்லில்: வேண்டாம். ஐம்பதுகளின் தொடக்கம் வரை பயன்பாட்டில் இருந்த நைட்ரேட் சுருள் தானே வெந்து தீப்பற்றக்கூடியது. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு உரிய நைட்ரேட் சுருள்கள் 2003இல் தீயில் அழிந்ததை மறக்கக் கூடாது. பிற்காலத்து அசிடேட் சுருள் எளிதில் தீப்பற்றாது என்றாலும் நம் வெப்பத்தில் புளித்த காடி நாற்றத்தோடு சுருங்கி அழியும், ஒரு சுருளின் அழிவு பக்கத்துச் சுருளுக்கும் பரவும். அப்படி ஏதேனும் கைக்கு வந்தால் 1964 முதல் இயங்கிவரும் அந்தக் காப்பகத்துக்குத் தெரிவிப்பதே முறை. புரொஜக்டர், கேமரா போன்ற கருவிகள் அருங்காட்சியகத்துக்கு ஏற்றவை. சென்னை வடபழனியில் 2023இல் திறக்கப்பட்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியும், மக்கள் கையில் தங்கிய பொருள் என்று சொல்ல வீட்டில் பதிந்த வீடியோ நாடாக்களைத் தவிர அதிகமில்லை. அந்த நாடாக்கள் பூஞ்சை பிடிக்குமுன் கணினிக்கு மாற்ற வேண்டியவை. அது சேகரிப்பைவிட மீட்புப் பணி என்றே சொல்லத் தகும்.

எங்கே வாங்குவது என்பதும் தேர்வைப் பாதிக்கிறது. 1985இல் தீயில் அழிந்த சென்னை மூர் மார்க்கெட்டின் இடத்தை எதுவும் முழுமையாக நிரப்பவில்லை. அங்கிருந்தவர்கள் குடியேறிய அல்லிக்குளம் வளாகம், திருவல்லிக்கேணியின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தக நடைபாதை, காரைக்குடியின் பழம்பொருள் தெரு ஆகியவை மிஞ்சியிருக்கின்றன. தாள் வகைகளுக்கு நடைபாதையும் ஊர்ப்புறப் பழைய பேப்பர் கடைகளும் நல்லவை. இசைத்தட்டுக்குப் பழைய சவுண்ட் சர்வீஸ்காரர்களின் குடும்பங்களை விசாரிப்பது பலன் தரும். பழம்பொருள் கடைகளில் விலையோடு கதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கதையைக் கேட்டுக்கொண்டு பொருளை மட்டும் சோதிக்க வேண்டும். நூலக முத்திரை உள்ள எதையும், அது முறையாக நீக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால், வாங்கக் கூடாது.

ஆக, தீர்மானம் வாங்குபவரின் நோக்கத்தைப் பொறுத்து இப்படி அமையும். படங்களின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர், சிறிய வீட்டில் இருப்பவர், மாதம் ஒரு சிறு தொகை மட்டும் ஒதுக்கக்கூடியவர் ஆகியோர் பாட்டுப் புத்தகத்தோடும் நோட்டீஸோடும் நின்றுகொள்ளலாம். அதிலும் ஒரு நிறுவனம், ஒரு பாடலாசிரியர், அல்லது ஒரு பத்தாண்டு என்று எல்லை கட்டிக்கொண்டால் விரைவில் பயன் தெரியும். இசை கேட்பதே இன்பம் என்பவர், கருவிக்கும் இடத்துக்கும் செலவிட முடிந்தால், இசைத்தட்டுக்குப் போகலாம். அவரும் அந்தந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தட்டில் விடுபட்ட சரணங்கள் தெரியும். ஸ்டில்லும் சுவரொட்டியும் கண் பழகிய பிறகு. பிற்காலத்தில் விலை ஏறும் என்ற எண்ணத்தோடு மட்டும் தொடங்குபவர் இவற்றில் எதையும் தொடாமல் இருப்பது நல்லது. ஒரு நடிகரை நேரில் கண்டு வளர்ந்த தலைமுறை மறையும்போது அவர் முகத்துக்கு உள்ள விலையும் இறங்கக்கூடும். பொருளை வாங்கியதால் அதை நகலெடுத்து விற்கும் உரிமை கிடைத்துவிடாது என்பதையும், சட்டைகளில் பழைய சுவரொட்டியை அச்சிட்டு விற்க எண்ணுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த வகையைத் தேர்ந்தாலும் முதல் பொருளோடு ஒரு பதிவேடும் தொடங்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்த பிறகு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தன. திரைப்பட வரலாற்றாளர் பிலிம் நியூஸ் ஆனந்தனின் சேகரிப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. அத்தகைய இடத்துக்கு ஒரு சேகரிப்பு போய்ச் சேர வேண்டுமானால் அதில் என்னென்ன இருக்கின்றன என்பது முதலில் தெரிய வேண்டும். பட்டியல் இல்லாத பெட்டியை வீட்டார் எடைக்குத்தான் போடுவார்கள். படத்தின் பெயர், ஆண்டு, அச்சகம், பக்க எண்ணிக்கை, குறைபாடு, வாங்கிய இடம், கொடுத்த விலை ஆகியவற்றோடு, தமக்குப் பிறகு அது எங்கே போக வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதி வைக்கலாம். பதிவேட்டின் வரிசை எண்ணைப் பொருளின்மேல் பேனாவால் எழுதக் கூடாது. பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் குறித்தால் போதும்.